சின்ன வேலைதான் சார்

ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே மறுமுனையில் ஷிஃப்ட் இன்சார்ஜ் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். "சார், தூக்கத்துல எழுப்பிட்டேன். சின்ன வேலைதான். ஒரு கேஸ்கெட் மாத்தணும். ஷிஃப்ட் ஃபிட்டர் இங்கேயே இருக்காரு. நீங்க ஓகே சொல்லிட்டீங்கன்னா அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்." அந்தச் 'சின்ன வேலை' காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கம் போய்விடும். பெரிய வேலை என்றால் இவ்வளவு பயம் கிடையாது. வருடாந்திர ஷட்டவுனுக்கு ஆறு மாதம் முன்னாலேயே உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறோம், கிரேன் எங்கே நிற்கும், எந்தக் கலனுக்குள் யார் இறங்குவார்கள், வாசலில் யார் காவல் இருப்பார்கள் என்பது வரைக்கும் தாளில் இருக்கும். கேஸ்கெட் என்பது குழாய் இணைப்புக்கு நடுவில் வைக்கும் அடைப்பு வளையம், அதை மாற்ற யார் ஆறு மாதம் பேசுகிறார்கள்? அதற்கு ஒரு ஸ்பேனரும் ஒரு ஆளும் போதும் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. இந்தத் தொழிலில் நான் பார்த்த, படித்த விபத்துகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஆரம்பித்திருக்கின்றன.

23 வருடமாக ரசாயனத் தொழிற்சாலைகளில் மெக்கானிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். முதலில் மணலி, அப்புறம் எல்லாம் கடலூர் சிப்காட் பக்கம். இடையில் மூன்று நிறுவனங்கள் மாறியிருக்கிறேன், எதன் பெயரும் இங்கே வேண்டாம். சொந்தக்காரர்கள் கேட்டால் "மெஷின் ரிப்பேர் பார்க்கிற டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவிடுவேன், ஆனால் ரிப்பேர் என்பது எங்கள் வேலையில் கடைசியாக வருவது. ஒரு பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதற்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது, எந்த வால்வை மூடினால் நிற்கும், மூடினால் நிஜமாகவே நிற்குமா, மோட்டாருக்குப் போகும் கரண்ட் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, அந்தப் பூட்டின் சாவி யார் பையில் இருக்கிறது, இதையெல்லாம் கேட்டு, போய்ப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக்கொடுப்பதுதான் எங்களுடைய நாள். கழற்றி மாட்டுவது அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு ஆசிட் பம்ப்.

அப்போது எனக்கு ஆறு வருட அனுபவம். 98 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிடை டேங்கிலிருந்து பிளான்ட்டுக்குத் தள்ளுகிற பம்ப். அதன் வெளியேறும் பக்கத்தில் நான்-ரிட்டர்ன் வால்வு, அதற்கு மேல் மூடித் திறக்கிற வால்வு. நான்-ரிட்டர்ன் வால்வின் மேல் பிளாஞ்சில், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் வளையத்தில், சொட்டுச் சொட்டாகக் கசிவு. பம்பை நிறுத்தியாச்சு, இரண்டு பக்க வால்வையும் மூடியாச்சு, மோட்டார் ஃப்யூஸ் எடுத்தாச்சு, பம்பின் அடியில் இருக்கும் ட்ரெயினைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் வடித்தாச்சு. ட்ரெயினில் ஒரு சொட்டும் வரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பெர்மிட்டில், வேலையைத் தொடங்கலாம் என்ற அனுமதித் தாளில், கையெழுத்துப் போட்டேன்.

வேலை செய்தவர் எங்கள் மூத்த ஃபிட்டர். எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். நான் பொறியியல் படித்துவிட்டு வந்தவன், அவர் ஐடிஐ, ஆனால் அந்தப் பிளான்ட்டில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பிளாஞ்சைத் திறக்கும்போது அவருக்கு ஒரு முறை உண்டு. எட்டு போல்ட் இருந்தால் தன் முகத்துக்கு எதிரே இருப்பதைத் தொடவே மாட்டார். தனக்கு அந்தப் பக்கம், தூரத்தில் இருக்கும் போல்ட்டை முதலில் தளர்த்துவார், அதுவும் முழுக்கக் கழற்றாமல் இரண்டு சுற்று மட்டும். அடுத்து அதன் இரண்டு பக்கத்து போல்ட்டுகள். அப்புறம் பிளாஞ்சின் இடுக்கில் ஆப்பு வைத்து, அந்தத் தூரத்து ஓரத்தை மட்டும் மெதுவாக விரிப்பார். உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் அது அந்தப் பக்கமாகவே வெளியேறும், எந்த போல்ட்டும் முழுசாகக் கழலாததால் திரும்ப இறுக்கி நிறுத்தவும் முடியும். "உள்ள இருக்கிறது நம்ம கிட்ட சொல்லிட்டுப் போகணும் தம்பி, நம்ம மூஞ்சியில வந்து சொல்லக் கூடாது" என்பார்.

அன்றைக்கு அது சொல்லிவிட்டுத்தான் போனது. ஆப்பு நுழைந்த நொடியில் அந்தப் பக்கமாக விசிறி மாதிரி ஆசிட் அடித்தது, நான்கு அடி தூரத்துக்கு. நேரே இவர் மீது அடித்திருக்கவேண்டியது, முறை தெரிந்ததால் அந்தப் பக்கம் போனது. தரையில் பட்டுத் தெறித்ததில் கொஞ்சம் அவருடைய கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் முன்கையில் விழுந்தது. பத்தடியில் சேஃப்டி ஷவர் இருந்தது. அவரை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தி, சட்டையைக் கிழித்து, பதினைந்து நிமிடம் தண்ணீரில் நிற்கவைத்தோம். எரிச்சல் குறைந்துவிட்டது போதும் என்று அவர் வெளியே வரப் பார்த்தார், விடவில்லை. முன்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்போடு போயிற்று.

எங்கிருந்து வந்தது அந்த ஆசிட்? நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் மேல் வால்வுக்கும் நடுவில் ஓர் அரை மீட்டர் குழாய். ட்ரெயின் இருப்பது பம்பின் அடியில், அதாவது நான்-ரிட்டர்ன் வால்வுக்குக் கீழே. திரும்பி வரவிடாமல் தடுப்பதுதானே அந்த வால்வின் வேலை, அது தன் வேலையைச் சரியாகச் செய்து மேலே இருந்த ஆசிடைப் பிடித்துவைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் அடைபட்ட திரவம், மேலே சித்திரை மாத வெயில். இடமில்லாமல் விரிந்து உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. நான் பார்த்தது பம்பின் ட்ரெயினை. நாங்கள் திறக்கப்போன இடத்தை நான் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் பிளான்ட் முழுக்க நடந்தேன். ஆசிட், காஸ்டிக் என்று 31 பம்ப். அதில் 19 பம்புகளில் அந்த அரை மீட்டருக்கு ட்ரெயின் கிடையாது. பல வருடமாக அவற்றில் கேஸ்கெட் மாற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் 'சின்ன வேலை'யாக. ஒவ்வொன்றுக்கும் முக்கால் அங்குல ட்ரெயின் வால்வு போட்டு முடிக்க எட்டு மாதம் ஆயிற்று.

சல்ஃப்யூரிக் ஆசிடைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் படித்துவிட்டு வரும் பிள்ளைகள்கூட இதில் தடுமாறுகிறார்கள். 98 சதவீத ஆசிடைச் சாதாரண இரும்புக் குழாயில், இரும்பு டேங்கில் வைத்திருக்கலாம். ஆசிட் இரும்பைத் தொட்டதும் ஃபெர்ரஸ் சல்ஃபேட் படலம் ஒன்று உருவாகி, அதுவே இரும்புக்குக் கவசமாகிவிடும். ஓட்டம் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டினால் அந்தப் படலம் கழுவிக்கொண்டு போய்விடும், அதனால்தான் ஆசிட் குழாய் வளைவுகளில் முதலில் ஓட்டை விழுகிறது. அதே ஆசிடில் தண்ணீர் சேர்ந்து நீர்த்துவிட்டால் கதையே வேறு, இரும்பைத் தின்னும், தின்னும்போது ஹைட்ரஜனை வெளிவிடும். இப்போது யோசித்துப் பாருங்கள், ஆசிட் டேங்கைக் காலி செய்து, நல்ல எண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, "சுத்தமாயிடுச்சு சார், மேல ஒரு கைப்பிடி வெல்டிங் வைக்கணும், சின்ன வேலை" என்று ஒருவர் வந்து நின்றால்? உள்ளே மூலையில் மிச்சமிருந்த ஆசிட் நீர்த்து, டேங்கின் கூரைக்குக் கீழே ஹைட்ரஜன் நிற்கிறது. மேலே நெருப்புப் பொறி. கழுவியதுதான் ஆபத்தை உண்டாக்கியது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அதனால் வெல்டிங் மாதிரி நெருப்பு வேலைக்கான ஹாட் வொர்க் பெர்மிட்டில் வெளியே அளந்த அளவை நான் ஏற்பதில்லை, வாயு அளக்கும் மீட்டரின் குழாய் உள்ளே போகவேண்டும், கூரையின் உச்சி வரைக்கும்.

அமெரிக்காவில் டெலவேர் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 2001 ஜூலை 17 அன்று வெடித்ததும் ஓர் ஆசிட் டேங்க்தான். அங்கே இருந்தது பயன்படுத்திய ஆசிட், அதில் எளிதில் தீப்பிடிக்கும் எண்ணெய் ஆவி கலந்திருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் செய்துகொண்டிருந்த வேலை, டேங்குகளுக்கு மேலே நடைபாதையின் கம்பித் தட்டுகளைச் சரிசெய்வது. அந்த டேங்கின் சுவரும் கூரையும் அரித்து ஓட்டையாகியிருந்தன, ஆய்வு செய்யவேண்டும் என்ற கோரிக்கை முன்பே வந்து தள்ளிப்போடப்பட்டிருந்தது. நடைபாதைத் தட்டு மாற்றுவதை விடச் சின்ன வேலை ஒரு பிளான்ட்டில் வேறு என்ன இருக்கிறது? ஒருவர் இறந்தார்.

என்னிடம் புதிதாகச் சேரும் எஞ்சினியர்களுக்கு முதல் வாரத்தில் நான் சொல்வது ஃப்ளிக்ஸ்பரோவின் கதை. இங்கிலாந்தில் ஒரு ரசாயன ஆலை, 1974இல். சைக்ளோஹெக்சேன் என்ற எளிதில் தீப்பிடிக்கும் திரவம் ஓடும் ஆறு ரியாக்டர்கள், அதாவது ரசாயன வினை நடக்கும் கலன்கள், படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்துக் கொஞ்சம் கீழிறங்கி நின்றன. மார்ச் மாதக் கடைசியில் ஐந்தாவது ரியாக்டரில் ஏறத்தாழ ஆறடி நீளத்துக்கு விரிசல். அதைக் கழற்றி எடுத்துவிட்டு நான்கையும் ஆறையும் ஒரு குழாயால் இணைத்து உற்பத்தியைத் தொடர முடிவு செய்தார்கள். ரியாக்டர்களின் வாய் 28 அங்குலம். கையில் இருந்த குழாய் 20 அங்குலம். உயர வித்தியாசத்துக்காக அதை நாய்க்கால் மாதிரி இரண்டு இடத்தில் வளைத்து, இரண்டு முனையிலும் பெல்லோஸ் என்ற மடிப்பு மடிப்பான நெளியும் இணைப்பு இருக்க, சாரக் கம்பத்தின் மேல் தாங்கவைத்தார்கள். வரைபடம் என்று இருந்தது ஒர்க்‌ஷாப் தரையில் சாக்பீஸால் போட்ட படம் மட்டும்தான். பொறுப்பில் இருந்திருக்கவேண்டிய ஒர்க்ஸ் எஞ்சினியர் அந்த வருட ஆரம்பத்திலேயே போய்விட்டார், அந்த நாற்காலி காலி. சில நாளில் பிளான்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. ஜூன் 1, சனிக்கிழமை மாலை, அந்த இணைப்பு பிய்ந்து, ஆவி மேகம் பரவி வெடித்தது. 28 பேர். வார நாளாக இருந்திருந்தால் அலுவலகக் கட்டடத்தில் இன்னும் எத்தனை பேர் இருந்திருப்பார்களோ.

எல்லோரும் அந்தக் குழாயைப் பற்றித்தான் பேசுவார்கள், என் மனசில் நிற்பது அதற்கு முந்தைய சங்கதி. ஐந்தாவது ரியாக்டரில் விரிசல் ஏன் வந்தது? சின்னச் சின்னக் கசிவு வந்தால் ஆவியைத் தணிக்க மேலே தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். குளிர்விக்கும் தண்ணீரையே எடுத்து ஊற்றினார்கள், அதில் நைட்ரேட் இருந்தது. சூடான இரும்பின் மேல் தண்ணீர் ஆவியாகி நைட்ரேட் தங்கி, அழுத்தத்தில் இருந்த உலோகத்தை மெல்ல மெல்லப் பிளந்தது. ஹோஸைப் போட்டுத் தண்ணீர் விட்டவர் ஆபத்தைத் தடுக்கிறோம் என்று நினைத்துத்தான் விட்டிருப்பார். அதற்குப் பெர்மிட்டும் கிடையாது, யாரிடமும் கேட்கவும் தேவையில்லை.

உலோகமும் அதற்குள் ஓடுவதும் ஒன்றுக்கொன்று பழகவேண்டும், இதை ஸ்டோர்ஸில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். குளோரின் ஈரமாக இருந்தால் டைட்டானியம் அருமையாகத் தாங்கும், இரும்பு அரித்துப்போகும். அதே குளோரினை உலர்த்திவிட்டால் இரும்புக் குழாய் போதும், அங்கே டைட்டானியத்தைப் போட்டால் உலர்ந்த குளோரினில் அது பற்றி எரியும். ஒரே வாயு, ஒரே வளாகம், உலர்த்தும் கோபுரத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு மணிக்கு ஸ்டோர்ஸில் சரியான பொருள் இல்லை, "விலை ஜாஸ்தியான பொருள்தானே சார், நல்லதாத்தான் இருக்கும்" என்று கையில் கிடைத்ததைப் போட்டால் அது எத்தனை பெரிய வேலை என்று பாருங்கள்.

பெர்மிட்டைப் பற்றிப் பேசினாலே பலருக்குச் சலிப்பு. நாலு பிரதி, ஆறு கையெழுத்து. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் நடந்தது அந்தச் சலிப்போடு சம்பந்தப்பட்டது. இரண்டு பம்புகள். அதில் ஒன்றின் சேஃப்டி வால்வை அளவு சரிபார்க்கக் கழற்றி எடுத்துப்போனார்கள், அந்த இடத்தில் ஒரு மூடித்தட்டை மாட்டிவைத்தார்கள். பகல் ஷிஃப்ட் முடிவதற்குள் வேலை முடியவில்லை. ராத்திரி ஓடிக்கொண்டிருந்த மற்ற பம்ப் நின்றுபோக, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் முதல் பம்பின் பெர்மிட்டைப் பார்த்தார்கள். அதன் பெரிய பழுதுபார்ப்பு வேலை ஆரம்பிக்கவே இல்லை என்று அதில் இருந்தது, அது உண்மையும்கூட. சேஃப்டி வால்வுக்குத் தனிப் பெர்மிட், அது வேறு இடத்தில் இருந்தது. பம்பை ஓட்டினார்கள், அந்த மூடித்தட்டு வழியே கசிந்தது வெடித்தது. 167 பேர். அந்த இரண்டு தாளும் ஒரே கிளிப்பில் இருந்திருந்தால் என்று யோசித்துவிட்டுத்தான் எங்கள் இடத்தில் பெர்மிட் பலகையை மாற்றினேன். இப்போது கருவிக்கு ஒரு ஆணி. ஒரு பம்புக்கு மூன்று பெர்மிட் இருந்தாலும் மூன்றும் அதே ஆணியில்தான் தொங்கவேண்டும். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேரும் பலகைக்கு முன்னால் நின்று பேசவேண்டும், நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடக்கூடாது.

சரி, விபத்துகளையே பேசிக்கொண்டிருக்கிறேன். விபத்து இல்லாத சின்ன வேலையும் உண்டு, அது வேறு வகையில் நம்மைத் தின்னும்.

ஒரு பிளான்ட்டில் நான் பொறுப்பேற்றபோது சால்வென்ட் பம்ப் ஒன்றுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கல் சீல், அதாவது சுற்றும் தண்டை ஒட்டித் திரவம் கசியாமல் அடைக்கும் பாகம், போய்க்கொண்டிருந்தது. வருடத்துக்கு ஆறு. அங்கே இருந்த பையன்கள் அதை மாற்றுவதில் தேர்ந்துபோயிருந்தார்கள், மூன்று மணி நேரத்தில் கழற்றி, மாற்றி, ஓட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதற்காக மாதக் கூட்டத்தில் கைதட்டலும் வாங்கியிருக்கிறார்கள். சீல் கம்பெனிக்காரர் வந்து பார்த்தார், பொருளை மாற்றினார், மறுபடி போயிற்று. ஏன் போகிறது என்று கேட்டால், "அந்தப் பம்ப் அப்படித்தான் சார்" என்றார்கள். இந்த 'அப்படித்தான் சார்' எனக்கு 'சின்ன வேலை'யின் தம்பி மாதிரித் தெரிகிறது.

அடுத்த தடவை சீல் போனபோது நான் பக்கத்தில் நின்றேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், அவர் அப்போது அந்த நிறுவனத்துக்கு என்னோடு வந்துவிட்டார். வெளியேறும் பக்கத்துப் பிளாஞ்சின் கடைசி போல்ட்டை உருவியதும் மேலிருந்து வரும் குழாய் 'டங்' என்று ஒரு சத்தத்தோடு பக்கவாட்டில் நகர்ந்தது. அளந்தால் எட்டு மில்லிமீட்டர். அதாவது இத்தனை நாளும் குழாயைச் செயின் பிளாக் போட்டு இழுத்துப் பம்பின் வாயோடு சேர்த்து போல்ட் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழாயின் முறுக்கு முழுக்கப் பம்பின் உடம்பில். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கை இரவு பகலாக டயல் கேஜ் வைத்து 0.05 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து என்ன பிரயோசனம், பிளாஞ்சை இறுக்கியதும் பம்பே வளைந்துபோகிறதே. நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றும் தண்டு அந்த வளைசலோடு சுற்றினால் சீலின் முகம் எத்தனை நாள் தாங்கும்?

குழாயை அறுத்து, தாங்கியை இடம் மாற்றி, பிளாஞ்ச் இரண்டும் கையால் தள்ளினாலே சேர்கிற மாதிரி வெல்டிங் வைக்க நான்கு நாள் பிடித்தது. அந்த நான்கு நாளை உற்பத்திப் பிரிவிடம் வாங்க நான்கு மாதம் பேசினேன். அதற்குப் பிறகு அந்தச் சீல் 26 மாதம் ஓடியது. யாரும் கைதட்டவில்லை. நடக்காமல் போன பதிமூன்று சீல் வேலைகளைக் கூட்டத்தில் எப்படிக் காட்டுவது? ஆனால் சீல் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஒருவர் சால்வென்ட் லைனைத் திறக்கிறார். பதிமூன்று தடவை திறக்காமல் விட்டோம் என்பதுதான் எனக்குப் பெரிது. பிளான்ட்டில் பிளாஞ்ச் எத்தனை தடவை திறக்கப்படுகிறது என்ற எண்ணிக்கையைக் குறைப்பது என் வேலை என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

அண்ணன் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வைத்திருப்பார். முனையைப் பேரிங் மூடியில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்பார். "இது இன்னும் பத்து நாள்" என்பார், பன்னிரண்டாம் நாள் போகும். இப்போது கையளவு வைப்ரேஷன் மீட்டர் இருக்கிறது, நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாகக் காட்டுகிறது. நான் அதைத்தான் நம்புகிறேன், எழுதிவைத்து மாதா மாதம் ஒப்பிடலாம். ஆனாலும் மீட்டர் எடுத்துக்கொண்டு போகும் பையனிடம், எண்ணை எழுதிவிட்டுப் பம்பின் மேல் ஒரு நிமிடம் கை வைத்துப் பார் என்று சொல்லி அனுப்புகிறேன்.

கடலூரில் வேலை என்றால் காற்றில் உப்பு. பெயின்ட் அடித்த இரும்பு இரண்டு வருடத்தில் முகம் மாறிவிடும். அது கண்ணுக்குத் தெரிகிற துரு, அதில் பயம் குறைவு. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது, மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் மாவட்டத்தின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்களுக்குக் குழாய்களின் இன்சுலேஷன் மேல் சுற்றியிருந்த அலுமினியத் தகடுகள் வயலில் போய் விழுந்தன. பிளான்ட்டைச் சீக்கிரம் ஓட்டவேண்டும், ஆட்கள் வீடு இழந்து நிற்கிறார்கள், கரண்ட் இல்லை. பொறுக்கிக்கொண்டுவந்த தகட்டையே திரும்பச் சுற்றி, ரிவெட் அடித்து, மூட்டில் பூசவேண்டிய சீலன்ட் பூசாமல் முடித்துவிட்டோம். பின்னால் பார்த்துக்கொள்ளலாம், சின்ன வேலைதானே. சொன்னது நான்தான்.

மூன்று வருடம் கழித்து நீராவி குளிர்ந்து வரும் தண்ணீர் ஓடுகிற ஒரு கண்டென்சேட் லைனின் அடிவயிற்றில் தகட்டின் மூட்டு வழியே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. தகட்டைப் பிரித்தால் பஞ்சு முழுக்க ஈரம், பிழிந்தால் சொட்டும். குழாயின் மேலிருந்து துரு தகடு தகடாக உரிந்துவந்தது. தடிமன் மீட்டரை வைத்துப் பார்த்தோம், 6 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய நான்கு அங்குலக் குழாயில் ஓர் இடத்தில் 2.3. மழைத்தண்ணீர் உள்ளே போகும், குழாய்ச் சூட்டில் கொஞ்சம் ஆவியாகும், மறுபடி நனையும், உப்பு மட்டும் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். 50 டிகிரியிலிருந்து 175 டிகிரி வரை ஓடுகிற இரும்புக் குழாய்களுக்கு இதுதான் பெரிய எதிரி. அதற்கு மேல் சூடு என்றால் ஈரம் தங்காது. அந்த வருடம் புயலில் தகடு பறந்த இடங்களையெல்லாம் பழைய ஃபோட்டோக்களை வைத்துத் தேடிப் பிரித்துப் பார்த்தோம். மூட்டுக்கு மூட்டு பூசியிருந்தால் போதும்.

மூடிய கலனுக்குள் இறங்குவதைப் பற்றி ஒன்று மட்டும். நைட்ரஜன் நிறைந்த ரியாக்டரின் மேன்ஹோல் வழியே ஸ்பேனர் உள்ளே விழுந்துவிட்டது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டும் தூரம்தான். நைட்ரஜனுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, மூச்சுத் திணறல்கூடத் தெரியாது. காற்றில் 20.9 சதவீதம் இருக்கவேண்டிய ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனாலே நாங்கள் ஆளை இறக்குவதில்லை, ஐந்தாறு சதவீதம்தான் இருக்கிற இடத்தில் ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். விழுந்தவரைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவர் யோசிக்காமல் இறங்குவார். செப்டிக் டேங்க் சாவுகளைப் பற்றி நம் ஊர்ப் பத்திரிகைகளில் படிக்கிறோமே, காப்பாற்றப் போனவரும், அவரைத் தொடர்ந்து மூன்றாமவரும் என்று, அதேதான் இங்கேயும். ஸ்பேனர் விழுந்தால் அது அங்கேயே கிடக்கட்டும், இதை என் ஆட்களிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

ஆட்கள் என்று சொல்லும்போது ஒப்பந்தத் தொழிலாளர்களைத்தான் முதலில் நினைக்கிறேன். ஷட்டவுன் வந்தால் எங்கள் சொந்த ஆட்கள் நாற்பது பேர் என்றால் வெளியிலிருந்து வருபவர்கள் முந்நூறு பேர். நேற்று வேறு ஊரில் வேறு பிளான்ட்டில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிக் காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு நம் குழாயில் என்ன ஓடுகிறது என்று தெரியாது, கேட்டால் வேலை போய்விடுமோ என்று கேட்கவும் மாட்டார்கள். கேட்கிறவனுக்கு மரியாதை கிடைக்கிற இடமாக அதை மாற்றுவது பொறுப்பில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது. உற்பத்திப் பிரிவில் இருப்பவர்களையும் நான் குறைசொல்லமாட்டேன். ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு போகிறது என்ற கணக்கு அவர்கள் தலைமேல் இருக்கிறது. அவர்கள் அவசரப்படுவது அவர்கள் வேலை, அந்த அவசரத்துக்கு முன்னால் கையெழுத்துப் போடாமல் நிற்பது என் வேலை.

அப்படி நின்ற ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

ஷட்டவுனில் ஒரு கலனைத் தனிமைப்படுத்த வால்வை மூடினால் மட்டும் போதாது, வால்வு கசியும். பிளாஞ்சுகளுக்கு நடுவில் பிளைண்ட் சொருகுவோம், வட்டமான இரும்புத் தட்டு, வெளியே தெரிய ஒரு வால். ஒவ்வொன்றுக்கும் எண் அடித்த தகரச் சீட்டு, பலகையில் அதே எண்ணுக்கு ஒரு கொக்கி. போடும்போது எண்ணிப் போடவேண்டும், ஓட்டுவதற்கு முன் எண்ணி எடுத்து அதனதன் கொக்கியில் மாட்டவேண்டும். அந்த வருடம் 64 போட்டோம். கடைசி நாள் ராத்திரி பதினொன்றரைக்குப் பலகையில் 63 தொங்கியது. 41ஆம் கொக்கி காலி.

பட்டியலில் 41 எடுத்தாச்சு என்று டிக் இருந்தது. கையெழுத்தும் இருந்தது. இரண்டு மணிக்கு ஸ்டார்ட்டப். "எடுத்துட்டுக் கீழ எங்கயாவது போட்டிருப்பாங்க சார், ஸ்கிராப்ல கிடக்கும், காலையில தேடிக்கலாம்" என்றார் உற்பத்தி மேலாளர். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான், அப்படி நிறைய தடவை ஆகியிருக்கிறது. ஆனால் 41 இருந்த இடம் ரியாக்டரிலிருந்து ஸ்கிரப்பருக்கு, ஆவியைக் கழுவிச் சுத்தம் செய்யும் கலனுக்கு, போகும் வென்ட் லைன். அது உள்ளேயே இருந்தால், ரியாக்டர் சூடேறும்போது ஆவி போக வழியில்லை. நான் ஸ்டார்ட்டப் தாளில் கையெழுத்துப் போடவில்லை. அவருக்குக் கோபம் வந்தது, எனக்குக் கை நடுங்கியது, இரண்டையும் மறைக்கவில்லை நாங்கள்.

ஸ்கிராப் குவியலைக் கொட்டிப் பார்த்தோம், இல்லை. எடுத்தேன் என்று கையெழுத்துப் போட்ட பையனை வீட்டிலிருந்து கூப்பிட்டோம். பண்ருட்டியிலிருந்து பைக்கில் வந்தான், அழுதுகொண்டே. 14ஐ எடுத்துவிட்டு 41 என்று டிக் போட்டிருக்கிறான், 14க்கு வேறொருவர் டிக் போட்டிருக்கிறார். அப்படியென்றால் அது லைனில்தான் இருக்கிறது. ஆனால் வென்ட் லைனில் எங்கேயும் வால் தெரியவில்லை. உள்ளே உறையாமல் இருக்க நீராவிக் குழாய் சுற்றி இன்சுலேஷன் போட்ட லைன் அது. மூன்று நாள் முன்பே இன்சுலேஷன்காரர்கள் வந்து அந்தப் பக்கம் முழுக்க மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

மூன்றாம் மாடியில் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பிளாஞ்சின் தகட்டையும் பிரித்தோம். நாலாவதில் அண்ணன் விரலை விட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "இங்க இடைவெளி ஜாஸ்தியா இருக்கு தம்பி." பஞ்சை விலக்கினால், வாலை மடக்கி உள்ளே தள்ளி அதன் மேல் கம்பி கட்டியிருக்கிறார்கள், தகட்டில் அடங்கவில்லை என்பதற்காக. சீட்டு அறுந்து பஞ்சுக்குள் கிடந்தது. 41.

உற்பத்தி மேலாளர் மூன்று மாடி ஏறி வந்தார். டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, கீழே போகாமல் அங்கேயே நின்று போல்ட் கழற்றும் வரை வெளிச்சம் காட்டினார். பண்ருட்டிப் பையன்தான் அந்த பிளைண்டை வெளியே இழுத்தான், அண்ணன் அவனைத்தான் இழுக்கச் சொன்னார். புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கி, கசிவு பார்த்து முடிக்கக் காலை ஆறே முக்கால். தட்டைத் துணியால் துடைத்துக் கொண்டுபோய்ப் பலகையில் மாட்டினான். 64. ஏழு பத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் பலகை முன்னால் நின்று ஒருமுறை விரல் வைத்து எண்ணிவிட்டு, கேன்டீன் திறந்தாச்சா என்று கேட்டார்.